உயில் எங்கே சறுக்குகிறது? தெரிந்ததைப் பகிர்வோம்

சைதாப்பேட்டை ஆவண எழுத்தர்:
உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. பதிவான உயிலைக்கூட, பின்னால் வீட்டில் எழுதி முறையாகச் சாட்சி வாங்கிய பதிவாகாத உயில் தள்ளிவிடும். கடைசியாக எழுதியதுதான் செல்லும்.

வம்பு ஆரம்பிப்பது தபசிலில், அதாவது சொத்து விவரம் எழுதும் பகுதியில். "வேளச்சேரி ஃபிளாட் மகளுக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கதவு எண், சர்வே எண், கிரயப் பத்திர எண், வருடம், எந்த சார்பதிவகம், யுடிஎஸ் (நிலத்தில் ஃபிளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) எத்தனை சதுர அடி, கார் நிறுத்தும் இடம் எல்லாம் வர வேண்டும். பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் லோன் போட்டு வாங்கிய வீட்டைக் கணவர் மட்டும் முழுசாக எழுதி வைப்பதும் உண்டு. அவர் கொடுக்க முடிவது அவர் பங்கை மட்டும்தான். "இதில் சொல்லாததும் இனி வாங்குவதும் இன்னாருக்கு" என்ற வரி விட்டுப்போனால், பிறகு வாங்கிய மனையும் எஃப்டியும் உயிலே இல்லாததுபோல வாரிசுகளுக்குள் பங்காகும்.

பாரிமுனை வழக்கறிஞர்:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் கோர்ட்டில் உயில் விழுவது பெரும்பாலும் சாட்சியால்தான். 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-ஆம் பிரிவு: குறைந்தது இரண்டு சாட்சிகள். எழுதியவர் கையெழுத்துப் போடுவதை ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கண்ணெதிரே சாட்சியும் போட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. பிற்பாடு ஒருவராவது கூண்டில் ஏறி இதைச் சொல்ல வேண்டும். "தாளை நீட்டினார்கள், போட்டேன்" என்றால் போச்சு.

80 வயதுக்காரர் தன் வயது நண்பர்களையே சாட்சியாக்குவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. இரண்டு சாட்சிகளும் போய்விட்டால் கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடி அலைய வேண்டும். வயதில் இளையவர், ஊரிலேயே இருப்பவர், உயிலில் எதுவும் பெறாதவர் நல்லது. குடும்ப டாக்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, மனத்தெளிவுக்கும் அவரே சாட்சி. சொத்து பெறுகிற மகனே வக்கீலைப் பிடித்து, டைப் அடித்து, அப்பாவைக் காரில் கூட்டிவந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றால் காரணத்தை உயிலிலேயே இரண்டு வரி எழுதுங்கள்.

மாம்பலம் வாசகி:
சார், சென்னை என்றால் புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) இல்லாமல் நடக்காது என்கிறார்களே?

பாரிமுனை வழக்கறிஞர்:
சமீபம் வரை அப்படித்தான்மா. சென்னை ஐகோர்ட்டின் அசல் எல்லைக்குள், அதாவது சிவில் வழக்குகளை அதுவே நேரடியாக எடுக்கும் எல்லைக்குள், இந்துக்கள் எழுதிய உயில், அல்லது அந்த எல்லையில் உள்ள வீடு, மனையைப் பற்றிய உயில் என்றால் கட்டாயமாக இருந்தது. மதுரையில் உட்கார்ந்து மதுரை வீட்டுக்கு எழுதினால் அப்போதும் தேவைப்படவில்லை. இதைக் கட்டாயமாக்கிய, அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை 2025 டிசம்பரில் வந்த சட்டம் எடுத்துவிட்டது. ஆனால் யாராவது மறுத்தால் உயிலை நிரூபிக்கும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. வாரிசுகளுக்குள் கசப்பு இருந்தால், சாட்சி நல்லபடியாக இருக்கும்போதே புரொபேட் வாங்கிவிடுங்கள் என்பேன். அசல் உயில், இறப்புச் சான்று, ஒரு சாட்சியின் அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்), மற்ற வாரிசுகள் இசைந்தால் அவர்களின் சம்மத அஃபிடவிட் வேண்டும். யாராவது கேவியட் (தன்னைக் கேட்காமல் புரொபேட் தரக்கூடாது என்ற ஆட்சேபம்) போட்டு எதிர்த்தால் மனு டெஸ்டமெண்டரி சூட்டாக, அதாவது முழு உயில் வழக்காக, மாறிவிடும், பிறகு வருடக்கணக்கு.

அடையாறு, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்:
நாமினியை யாரும் தொடவில்லையே. டெபாசிட் பணத்தை நாமினியிடம் கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அதனால் பணம் நாமினிக்குச் சொந்தமாகிவிடாது. உயிலில் சொன்னவரோ வாரிசுகளோ அவரிடம் கேட்கலாம். ஷேர் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2023-இல் இதையேதான் சொன்னது. உயிலில் மகள், நாமினியாக மகன் என்று இருந்தால் இன்றைக்கே ஒன்றை மாற்றுங்கள்.

அசல் உயிலை உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் உள்ள, நாமினி போடாத லாக்கரில் பூட்டாதீர்கள். அதைத் திறக்கவே பிள்ளைகள் காகிதங்களோடு அலைய வேண்டியிருக்கும். மூடி முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கப் பதிவுச் சட்டத்திலேயே வழி உண்டு.