மாலை மையத்தில் சின்னக் குழந்தைகளுக்கும் இடம் வேண்டுமா?

குகை_தறிவீடு:
எங்கள் தெருவில் மாலை மையம் ஒன்று ஆரம்பிக்கப் பேச்சு நடக்கிறது. ஹால் கிடைத்துவிட்டது. இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்புக்கு மேல் டியூஷன் போதும் என்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொன்னது நான் மட்டும்தான். அங்கன்வாடி விட்டு நாலு மணிக்கெல்லாம் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுகிறது. இங்கே தறியும் கொலுசுப் பட்டறையும் எட்டு மணிக்கு முன்னால் ஓய்வதில்லை. நடுவில் அது எங்கே இருக்கும்?

செவ்வாய்ப்பேட்டை_அம்மா:
நான் டியூஷன் பக்கம். என் பையன் ஐந்தாவது படிக்கிறான், இரண்டு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க வராது. ஒன்றாம் வகுப்பில் பாதி கொரோனாவிலேயே போய்விட்டது. 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது எங்கள் தெருப் பெண் ஒருத்தி சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். எழுத்துக்கூட்டவே அங்கேதான் பழகினான். அப்படி ஒரு இடம் மறுபடியும் வேண்டும். இரண்டு வயசுப் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும் ஹாலில் யார் படிக்க முடியும்?

குகை_தறிவீடு:
அக்கா, உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் என் பக்கத்து வீட்டைப் பாருங்கள். அம்மா கொலுசுக்கு மணி கோர்க்கிறார், பீஸ் கணக்குக் கூலி. மூத்தவள் நான்காம் வகுப்பு. பள்ளி விட்டு வந்ததும் தம்பி இவள் இடுப்பில் ஏறிக்கொள்வான், ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இறங்க மாட்டான். போன வருஷம் ஒரு மாலை வகுப்புக்குத் தம்பியோடு போனாள். அவனை விட்டுவிட்டு வா என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவள் போகவே இல்லை. தம்பிக்கு இடம் இல்லாத மையத்தில் அவளுக்கும் இடம் இல்லை. டியூஷன் மட்டும் வைத்தால் பையன்கள் வருவார்கள், இந்தப் பெண்கள் வர மாட்டார்கள்.

நியாயம்_கேட்பவன்:
இரண்டு பேரும் தப்பான இடத்தில் கேட்கிறீர்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கன்வாடியிலேயே காப்பகமும் நடத்த 2022-இலிருந்து பால்னா திட்டம் இருக்கிறது, 6 மாதம் முதல் 6 வயது வரை. உரிமையை மனு போட்டு வாங்குங்கள். நன்கொடையில் நடத்தினால் அரசு கையைக் கழுவிவிடும்.

குகை_தறிவீடு:
மனுவை நானே எழுதித் தருகிறேன். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கோர்க்கிறவருக்கு அந்த 50 பேர் கணக்கு எப்படிப் பொருந்தும்? அவருக்கு வேலை கொடுப்பவர் யார் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. பற்றவைக்கிற புகைக்கு நடுவில்தான் அந்தக் குழந்தை தவழ்கிறது.

அம்மாபேட்டை_பணியாளர்:
அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். முன்பருவக் கல்வி, சத்துணவு, வாரம் 3 முட்டை, எடை பார்ப்பது, வீடு வீடாகப் போவது, இதற்கு மேல் வாக்காளர் பட்டியல். இரவு வரை நீங்களே பாருங்கள் என்றால் எங்களால் ஆகாது. எங்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். வேறு ஆள் போடுங்கள். அப்புறம், இரண்டு வயசுக் குழந்தையைப் பார்ப்பதும் வேலைதான். அதற்குச் சும்மா ஒரு பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வைக்காதீர்கள்.

செவ்வாய்ப்பேட்டை_அம்மா:
அந்தப் பெண் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. என் மூத்தவளும் அப்படித்தான் இருந்தாள், எட்டாவதோடு நின்றுவிட்டாள். ஆனாலும் சொல்கிறேன், ஒரே ஹால் சரிவராது. நடுவில் சுவர் இல்லாவிட்டாலும் தட்டியாவது கட்டுங்கள். இரண்டு சம்பளத்தில் ஒன்று முழுக்க வாசிப்புக்குத்தான். இதில் நான் இறங்க மாட்டேன்.

குகை_தறிவீடு:
தட்டிக்குச் சம்மதம். சம்பளமும் ஆளுக்கு ஒன்று. ஞாயிறு காலை ஹாலை அளக்கப் போகிறோம், வாருங்கள் அக்கா. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் சின்னப் பிள்ளைகளின் பக்கத்தை முடிவு செய்ய முடியும்.