பொசிவுக் கற்றல்: கதையோடு வந்து சேரும் சொல்லுக்கு ஒரு கலைச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சொல்லின் பொருளைக் கற்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஒருவர் கதைக்காகக் கதை படிக்கிறார். படித்து முடிக்கையில் முன்பு தெரியாதிருந்த சில சொற்களும் அவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் 'இன்சிடென்டல் வொக்காபுலரி லேர்னிங்' என்று வழங்கும் இக்கருத்துக்குத் தமிழில் பெயர் தேடும் இந்த இழையில், 'தற்செயல் கற்றல்', 'சூழல்வழிக் கற்றல்', 'கசிவுக் கற்றல்' ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஒரு வாரமாக மனத்தில் வைத்திருந்து, பிள்ளைகளோடு அமர்ந்து படிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். எனக்குச் சரியாகப் படுவது 'பொசிவுக் கற்றல்'. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நான் இருப்பது நீடாமங்கலத்துக்கு மேற்கே, கோயில்வெண்ணிக்கு அருகில். இங்குள்ள ஊர்ப்புற நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பன்னிருவர் கூடுவார்கள். தை மாதத்திலிருந்து நாங்கள் சேர்ந்து படித்துவருவது, இளையோருக்காக எழுதப்பட்ட ஒரு வரலாற்றுப் போர்க்கதை. சேரமான் பெருஞ்சேரலாதனைக் கரிகாலன் வென்ற வெண்ணிப் போர்தான் அதன் களம். கதையில் வரும் வெண்ணி, பேருந்தின் பெயர்ப்பலகையில் தாங்கள் நாள்தோறும் பார்க்கும் அதே வெண்ணிதான் என்று தெரிந்த மாலையில், பிள்ளைகள் அடுத்த இரண்டு இயல்களையும் அப்போதே படித்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அந்த ஆவலை நான்தான் கெடுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு இயலுக்கு முன்பும் அதில் வரும் அருஞ்சொற்களைப் பலகையில் எழுதி, பொருளும் எழுதி, குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். மூன்று வாரம் அப்படி நடந்தது. அடுத்த வாரம் கேட்டால் எழுதியவற்றில் பாதிகூட நினைவில் இல்லை. கதையில் யார் எந்தப் பக்கம் நின்று போரிட்டார்கள் என்பதும் கலங்கிப்போயிருந்தது. நான்காம் வாரம் பலகையை விட்டுவிட்டுக் கதையை மட்டும் படித்தோம். பின்வரும் எடுத்துக்காட்டுகள் அதற்குப் பிறகு கிடைத்தவை.

முதலாவது 'புறப்புண்'. சேரமானின் மார்பைத் துளைத்த வேல் முதுகுப்புறமாக வெளிவந்து அங்கும் புண்ணாகிவிடுகிறது. முதுகில் புண்பட்டவன் என்ற பெயரை ஏற்கமாட்டாமல் அவன் வடக்கு நோக்கி அமர்ந்து, உண்ணாமல் உயிர் விடுகிறான். எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 'புறம்' என்பதற்கு 'வெளிப்புறம்' என்று கொண்டு, புறப்புண் என்றால் மேலோட்டமான காயம் என்று எடுத்துக்கொண்டாள். அவள் அறிந்த தமிழில் அது சரியான ஊகமே. ஆனால் நான்கு பக்கம் தள்ளி மன்னன் உணவை மறுக்கும் இடம் வந்தபோது, "ஏன் அக்கா, வெளிக்காயத்துக்குப் போயி யாராச்சும் சாவாங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மேலும் இரண்டு பக்கம் படித்த பிறகு அவளே நிமிர்ந்து, "முதுகு அக்கா, புறம்னா முதுகு" என்றாள். அச்சொல்லை அவள் இனி மறப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அதே இயலில் மூன்று முறை வந்த 'வடக்கிருத்தல்' என்ற சொல்லும் அந்தக் காட்சியோடு எல்லாப் பிள்ளைகளிடமும் தங்கிவிட்டது. புறநானூற்றின் 66ஆம் பாடலில், வென்ற கரிகாலனை நோக்கியே 'புறப்புண் நாணி வடக்கிருந்தோன்' உன்னிலும் நல்லவன் அல்லவா என்று பாடியவர் இதே ஊர்ப் பெயரைத் தாங்கிய வெண்ணிக்குயத்தியார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பாடலை நான் வாசித்துக் காட்டியபோது, அந்த அடிக்கு உரை தேவைப்படவில்லை.

இரண்டாவது 'தூசிப்படை'. படையின் முன்னணியில் செல்லும் பிரிவுக்கு அது பழைய பெயர். முதலில் போகிற படைதான் புழுதியைக் கிளப்பும், ஆகவே அது தூசிப்படை என்று ஒரு சிறுவன் சொன்னான். சொற்பிறப்பை அவன் சொன்னவாறே நிறுவ முடியுமா என்பது வேறு கேள்வி. பொருளை அவன் சரியாகப் பிடித்துவிட்டான்.

மூன்றாவது 'பறந்தலை'. இது வேறு வகை. 'வெண்ணிப் பறந்தலையில் முரசு அதிர்ந்தது' என்ற வரியைப் படித்த ஒரு பையன், பறந்த தலைகள் என்று பொருள் கொண்டான். போர்க்கதை, வாள் வீச்சில் தலைகள் பறக்கத்தான் செய்கின்றன. அவன் கொண்ட பொருளை அந்த இயலில் எதுவும் மறுக்கவில்லை, பல வரிகள் அதற்குத் துணைகூட நின்றன. போர்க்களம் என்பதே பொருள் என்பதை நான் சொல்லித்தான் அவன் அறிந்தான். இந்த மூன்று நிகழ்ச்சிகளுக்கும் இடம் தராத கலைச்சொல் எதுவும் நமக்கு உதவாது என்பது என் நிலை.

இனி முன்மொழிவுகள். 'தற்செயல் கற்றல்' என்பதில் இரண்டு குறைகள் தெரிகின்றன. தற்செயல் என்றால் ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருள். இங்கே நடப்பது அத்தகையதன்று. 1999இல் ஸ்வான்போர்ன், டி குளோப்பர் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் இத்துறையின் 20 ஆய்வுகளைத் தொகுத்து அளந்தபோது, இயல்பாகப் படித்துச் செல்கையில் எதிர்ப்படும் அறியாத சொற்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு படிப்பவரிடம் தங்குகிறது என்று கண்டார்கள். அளவிடத்தக்க வீதத்தில் மீண்டும் மீண்டும் நடக்கும் ஒன்றைத் தற்செயல் என்று அழைப்பது பொருந்தவில்லை. இரண்டாவது குறை வழக்கு சார்ந்தது. ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் 'தற்செயல்' என்றவுடன் நினைவுக்கு வருவது தற்செயல் விடுப்பு. நம் கலைச்சொல்லை நாள்தோறும் கையாளப்போகிறவர்கள் அவர்கள்தாம்.

'கசிவுக் கற்றல்' என்று எழுதிய நண்பர் உருவகத்தைச் சரியாகத் தொட்டுவிட்டார் என்றே கருதுகிறேன். ஆனால் இன்றைய தமிழில் கசிவு என்பது பெரும்பாலும் இழப்பையும் கேட்டையும் குறிக்கிறது. எரிவாயுக் கசிவு, குழாய்க் கசிவு என்கிறோம். கல்வித் துறையிலோ வினாத்தாள் கசிவு என்ற தொடர் செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது. கற்றலோடு அந்தச் சொல்லைச் சேர்த்தால் படிப்பவர் மனம் முதலில் அங்கேதான் போகும்.

அதே நீரைக் குறிக்க நம்மிடம் இன்னொரு சொல் இருக்கிறது. 'நெல்லுக் கிறைத்தநீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்' என்ற மூதுரை அடிகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்யாத தமிழ்ப்பிள்ளை குறைவு. நாம் தேடும் கருத்தின் முழு அமைப்பும் அந்த இரண்டு அடிக்குள் இருக்கிறது. இறைத்தவர் புல்லுக்காக இறைக்கவில்லை. நீர் ஓடியது நெல்லுக்கே. ஆயினும் புல் நனைந்தது, அதுவும் 'ஆங்கே', அந்த வழியிலேயே நனைந்தது. பிள்ளை படித்தது கதைக்காக. சொல் நனைந்தது வழியில். மேலும், பொசிதல் நிகழ வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கதை நின்றுவிட்டால் பொசிவும் நின்றுவிடும். பலகையில் அருஞ்சொல் எழுதிய அந்த மூன்று வாரமும் நான் செய்தது மடையை அடைத்ததுதான்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் இரண்டை எண்ணிப் பார்த்தேன். சொற்களைப் புல்லோடு ஒப்பிடுவது அவற்றைக் களையாக்குவதாகாதா என்று கேட்கலாம். நடவு வயலுக்குள் முளைத்தால் அது களை; வரப்பில் வளர்ந்தால் மாட்டுத் தீனி. காலையில் வரப்புப் புல் அறுத்துக் கட்டித் தலையில் சுமந்துவரும் பெண்களை இந்தப் பகுதியில் எந்த ஊரிலும் காணலாம். அந்தப் புல்லில்தான் பல வீடுகளில் பால் கறக்கிறது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. பொசிவு என்றால் கற்பவர் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்க, சொல் தானாக உள்ளே இறங்குவதுபோல் தோன்றுகிறதே, புறப்புண்ணுக்குப் பொருள் தேடிய சிறுமி சும்மாவா இருந்தாள் என்று கேட்கலாம். அவள் சும்மா இருக்கவில்லை. மண்ணும் சும்மா இருப்பதில்லை என்று மட்டும் சொல்வேன். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் சூன் 12ஆம் நாளுக்குப் பிறகு, கோடையில் வெடித்துக் கிடந்த வாய்க்காலில் வரும் முதல் தண்ணீரைத் தரையே குடித்துவிடும். கடைமடைக்கு ஒன்றும் போய்ச் சேராது. தரை நனைந்து நிறைந்த பிறகுதான் பக்கவாட்டில் பொசியத் தொடங்கும். ஒரு சொல்லை ஒருமுறை கண்டவுடன் அது தங்கிவிடுவதில்லை, திரும்பத் திரும்ப எதிர்ப்படவேண்டும் என்று ஆய்வுகள் சொல்வதும், 'வடக்கிருத்தல்' மூன்றாம் முறையில் எல்லோரிடமும் தங்கியதும் இதனோடு ஒத்துப்போகின்றன. அயல்மொழியில் கதை படிப்போரை வைத்து 2000இல் வெளிவந்த ஹூ, நேஷன் ஆகியோரின் ஆய்வு, துணையின்றிக் கதையைப் போதுமான அளவு புரிந்துகொள்ளப் பெரும்பாலோர்க்கு அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் புதிதாக இருக்கக்கூடாது. தாய்மொழியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதே அளவு பொருந்தும் என்று நான் வாதிடமாட்டேன். ஆயினும் எங்கள் கதையில் படை அணிவகுப்பை விவரிக்கும் இயலில் வரிக்கு வரி பழஞ்சொல் வந்தபோது ஒரு சொல்லும் தங்கவில்லை என்பதைக் கண்ணால் கண்டேன்.

சிறுமி செய்த அந்த முயற்சிக்குத் தனிப் பெயர் வேண்டும். 'சூழல்வழிக் கற்றல்' என்ற முன்மொழிவு உண்மையில் குறிப்பது அதைத்தான் என்பதால், இரண்டு கருத்துகளையும் பிரித்துக்கொள்வது நல்லது. அதற்குப் பெயரைப் புதிதாகத் தேடவும் வேண்டியதில்லை. பலபொருள் ஒருசொல்லின் பொருள் 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' தெளிவுபடும் என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுகிறது. 'மா பூத்தது' என்றால் வினையால் மரம் என்று தெரிகிறது. 'மாவும் மருதும் ஓங்கின' என்றால் இனத்தால் தெரிகிறது. கவசம் அணிந்து நிற்பவன் 'மாக் கொணா' (மாவைக் கொண்டுவா) என்றால் சார்பால் குதிரை என்று தெரிகிறது என்பது உரைமரபு தரும் விளக்கம். சார்புக்கு உரைகாரர் கைக்கொண்ட எடுத்துக்காட்டே போர்க்கோலம் பூண்ட ஒருவனின் பேச்சாக இருப்பது, நாம் போர்க்கதையை முன்வைத்துப் பேசும் இந்த இழைக்கு மிகவும் பொருந்துகிறது. ஆகவே, சொல்லின் பொருளை அது நிற்கும் இடத்தைக் கொண்டு உணர்வதற்குச் 'சார்பறிதல்' என்றும், அவ்வாறும் பிறவாறும் படிப்பின் ஊடே சொல் வந்து தங்குவதற்குப் 'பொசிவுக் கற்றல்' என்றும் வைத்துக்கொள்ளலாம். சார்பறிதல் படிப்பவர் செய்வது. பொசிவு அவரிடத்தில் நிகழ்வது.

சொல்லமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. 'பொசிகற்றல்' என்று வினைத்தொகையாக்குவது குறுகலாக இருந்தாலும், கேட்டவுடன் பிரித்தறிய முடியவில்லை. பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்ததில் இருவர் 'பசி' என்று கேட்டுக்கொண்டார்கள். 'பொசிவுக் கற்றல்' என்று பிரித்தெழுதுவதே தெளிவு. இவ்வாறு வந்து தங்கிய சொல்லைப் 'பொசிசொல்' எனலாம். எத்தனை விழுக்காடு தங்கியது என்பதைப் 'பொசிவு வீதம்' எனலாம். இதற்கு எதிரான, திட்டமிட்டு அமர்ந்து கற்பதற்கு 'முனைந்து கற்றல்' போதும். அதையும் 'இறைத்துக் கற்றல்' என்று பாட்டுக்குள் இழுக்கலாம் என்று முதலில் தோன்றியது. உருவகத்தை அளவுக்கு மேல் நீட்டினால் கலைச்சொல் விடுகதையாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தீரவில்லை. பறந்தலையைப் பறந்த தலையாகக் கொண்ட பையனிடம் நிகழ்ந்ததும் பொசிவுதான். சார்பறிதலும் அங்கே நடந்திருக்கிறது. ஆனால் தங்கியது தவறான பொருள். கதை அதை மறுக்காத வரையில் அது வலுப்பட்டுக்கொண்டே போகும். ஆசிரியரோ அகரமுதலியோ குறுக்கிட்டாலொழிய மாறாது. இதற்கு ஒரு பெயர் இருந்தால், இளையோர் நூல்களுக்கு அடிக்குறிப்பு எழுதுவோர் எந்தச் சொல்லுக்குக் குறிப்பு தேவை, எதைக் கதையே பார்த்துக்கொள்ளும் என்று பிரித்துப் பேச வசதியாக இருக்கும். புறப்புண்ணுக்குக் குறிப்பு வேண்டியதில்லை, பறந்தலைக்குக் கட்டாயம் வேண்டும். 'பிறழ்பொசிவு' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. மருதநிலம் அல்லாத பகுதியில் இருக்கும் நண்பர்களும் ஈழத்து நண்பர்களும் தங்கள் பேச்சு வழக்கில் இதற்கு ஒத்த சொல் இருந்தால் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொசிதல் என்ற வினையே தங்கள் ஊரில் பேச்சில் உள்ளதா, பாட்டில் மட்டும் உள்ளதா என்பதையும் சேர்த்து எழுதினால், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரிந்துகொண்டுவிடலாம்.

அன்புடன்,
கோயில்வெண்ணி அருகிலிருந்து