ஸ்கூட்டியோட பின் நம்பர் பிளேட்டை வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. அடிவாரத்துல நிறுத்தியிருந்தேன். இப்ப என்ன செய்யணும்?

நாகலூர்க்காரி (திங்கள் காலை)

வணக்கங்க. எனக்கு ஊர் ஏற்காடு பக்கம் நாகலூர். சேலத்துல ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதறேன். வாரம் பூரா அஸ்தம்பட்டியில ரூம்ல தங்கிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போவேன். பனி இறங்குற மாசத்துல இருட்டுல இருபது கொண்டை ஊசியும் வண்டியில ஏற அப்பா சம்மதிக்க மாட்டார். அதனால வண்டியை அடிவாரத்துலயே ஒரு மளிகைக்கடை ஓரமா நிறுத்திட்டு பஸ் ஏறிடுவேன். மூணு வருஷமா இப்படித்தான். ஒரு நாளும் ஒண்ணும் ஆனதில்லை.

இன்னிக்குக் காலையில பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பார்த்தா பின் பிளேட் இல்லை. முன் பிளேட் இருக்கு. பெட்ரோல் இருக்கு. சீட்டுக்கு அடியில வெச்ச ரெயின்கோட்டைக்கூட யாரும் தொடலை. பிளேட் இருந்த இடம் மட்டும் சேறு படாம சதுரமா சுத்தமா தெரியுது. கீழே மண்ணுல, பிளேட்டை வண்டியோட பிடிச்சிருக்கிற அந்த ஸ்னாப் லாக்கோட தலை ரெண்டு கிடந்துச்சு. வெட்டுன பக்கம் பளபளன்னு இருக்கு.

ஸ்டேஷனுக்குப் போனேன். "பிளேட்தானேம்மா, கழண்டு எங்கயாவது விழுந்திருக்கும், கடையில ஒண்ணு அடிச்சு மாட்டிக்க"ன்னாங்க. நான் நகராம நின்னதும், "ஏற்காட்டுக்காரங்கதானே, மேல போய்க் குடு"ன்னுட்டாங்க.

வண்டி 2021ல வாங்கினது, டி.என். 30. பிளேட் போனது பெரிசு இல்லைங்க. என் நம்பரை மாட்டிக்கிட்டு எவனாவது செயினை அறுத்துட்டுப் போனா எங்க வீட்டு வாசல்லதானே போலீஸ் வந்து நிக்கும்? அதை நினைச்சாத்தான் கை நடுங்குது. முதல்ல என்ன செய்யணும்? அதுவரைக்கும் வண்டியை எடுக்கலாமா?

செவ்வாப்பேட்டை பட்டறை

தங்கச்சி, அந்த ரெண்டு தலையையும் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு கவர்ல போட்டு வைங்க, கிடந்த இடத்தையும் போட்டோ எடுங்க. கழண்டு விழுந்துச்சுன்னு சொல்றவங்களுக்கு அதான் பதில். ஸ்னாப் லாக் ஒரு தடவை அழுத்தினா மறுபடி கழட்ட வராது, வெட்டித்தான் எடுக்கணும். குலுக்கல்ல விழுந்த பிளேட்டா இருந்தா ஓட்டை கிழிஞ்சு லாக் வண்டியிலயே நிக்கும். தலை வெட்டுப்பட்டுக் கீழ கிடக்காது.

பின் பிளேட்டை மட்டும் எடுத்தது ஏன்னா, ரோட்டு கேமரா பெரும்பாலும் டூவீலரைப் பின்னால இருந்துதான் பிடிக்குது. முன்னாடி பிளேட் இல்லாத பைக்கை யாரும் திரும்பிப் பார்க்கறதில்லை. எடுத்தவன் விவரம் தெரிஞ்சவன்.

குகைவாசி

எனக்கும் ரெண்டு வருஷம் முன்னாடி இப்படி ஆச்சுங்க. ஸ்டிக்கர் கடையில நூத்தம்பது ரூபாய்க்கு அடிச்சு மாட்டிட்டு வேலையைப் பார்த்தேன். இன்னிவரை ஒண்ணும் வரலை. ஸ்டேஷன், ஷோரூம்னு அலைஞ்சா லீவு போகும், சம்பளம் போகும்.

பழைய ஏட்டு

மேலே தம்பி சொன்னதைச் செய்யாதே அம்மா. முப்பது வருஷம் இந்த வேலை பார்த்தவன் சொல்றேன். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிக்கு உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயம். இடது மேல் மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதுக்குக் கீழே இடது ஓரத்தில் லேசரில் பொறிச்ச பத்து இலக்க எண். முன் பிளேட்டுக்கு ஒரு எண், பின் பிளேட்டுக்கு வேற எண், ரெண்டும் உன் வண்டிப் பதிவோடு சேர்ந்திருக்கும். இப்ப அந்த ஹாலோகிராம் பிளேட் அவன் வண்டியில் இருக்கு. நீ ஸ்டிக்கர் கடைப் பிளேட்டை மாட்டிக்கிட்டு வந்தால் ரெண்டில் எது அசல்னு ரோட்டில் நிக்கிறவர் நினைப்பார்? அசல் அவன்கிட்ட, நகல் உன்கிட்ட. அபராதம் முதல் தடவை 500, அடுத்த தடவை 1500. பணத்தைவிட அந்தச் சந்தேகம்தான் ஆபத்து.

புகாரை நீயே கைப்பட எழுது. "காணவில்லை"ன்னு ஒரு வார்த்தை வரக்கூடாது, "வெட்டித் திருடப்பட்டது"ன்னு எழுது. கடைசியா பிளேட்டைப் பார்த்த நாள், நேரம், நிறுத்திய இடம், இல்லைன்னு கண்ட நேரம், என்ஜின் எண், சேஸிஸ் எண் எல்லாம் வரணும். "என் எண்ணைப் பயன்படுத்திக் குற்றம் நடக்கலாம் என்று அஞ்சுகிறேன்"னு ஒரு வரி சேர்த்துடு. நாளைக்கு உன்னைக் காப்பாத்தப் போறது அந்த வரிதான். ரெண்டு பிரதி எடுத்து, ஒண்ணில் முத்திரையும் தேதியும் வாங்கிக்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை. அந்த மளிகைக்கடையிலோ பக்கத்து டீக்கடையிலோ கேமரா இருந்தால் இன்னிக்கே கேள். பழைய பதிவை அழிச்சுக்கிட்டுத்தான் புதுசு ஏறும், நீ அடுத்த வாரம் போய்க் கேட்டால் இருக்காது.

அஸ்தம்பட்டி குமாஸ்தா

வக்கீல் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்த நிலையத்தில் கொடுப்பது என்ற எல்லைப் பிரச்சினை பற்றி மட்டும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். வாங்கியவர்கள்தான் உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். ஏற்காடு நிலையம் சேலம் மாவட்ட எஸ்.பி.யின் நிர்வாகத்தில் வருகிறது, நகர நிலையங்கள் ஆணையர் நிர்வாகத்தில். அந்த இழுபறியைப் புகார்தாரர் சுமக்க வேண்டியதில்லை. நேரில் போக முடியாவிட்டால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பதியலாம். அப்படிப் பதிந்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடச் சட்டம் சொல்கிறது.

அதே இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கான அறிக்கை என்று ஒன்று உண்டு. ஆர்.சி., லைசென்ஸ், பாஸ்போர்ட் தொலைந்தவர்களுக்கானது அது. சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள், திருட்டுக்கு அது உதவாது.

நாகலூர்க்காரி (புதன் இரவு)

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஐயா சொன்ன மாதிரியே எழுதிக் கொண்டுபோனேன், அந்த ரெண்டு தலையையும் கவர்ல போட்டுக் காட்டினேன். இந்தத் தடவை வாங்கிக்கிட்டு, புகார் வந்ததுக்கு அடையாளமா சி.எஸ்.ஆர். ரசீது குடுத்தாங்க. மளிகைக்கடையில கேமரா இல்லை. டீக்கடைக்காரர் கேமராவுல ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒரு பைக் வந்து கொஞ்ச நேரம் நிக்கிறது தெரியுது, முகம் தெரியலை. போன்ல காப்பி பண்ணிக் குடுத்துட்டார். காசு குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டார்.

வண்டியை ரூம்லயே நிறுத்திட்டு டவுன் பஸ்லதான் கடைக்குப் போறேன்.

சிக்கல் என்னன்னா, ஷோரூம்ல சி.எஸ்.ஆர். செல்லாது, எஃப்.ஐ.ஆர். நகல் இருந்தாத்தான் புது பிளேட்டுக்கு ஆர்டர் போடுவோம்ங்கறாங்க. ஸ்டேஷன்ல, "ஐயாயிரத்துக்குக் குறைவான பொருளுக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது, புதுச் சட்டம் அப்படி"ங்கறாங்க. நடுவுல நிக்கிறேன்.

அஸ்தம்பட்டி குமாஸ்தா

அவர்கள் சொல்வது பாதி சரி. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303(2)இல் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: பொருளின் மதிப்பு ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவு, குற்றவாளி முதல் தடவை தண்டிக்கப்படுபவர், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டார் என்றால் தண்டனை சமூக சேவை. அந்த வகைத் திருட்டைப் பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றமாக அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சி.எஸ்.ஆரோடு நிறுத்துகிறார்கள்.

ஆனால் இங்கே திருடியவர் யாரென்றே தெரியாது. முதல் தடவைக்காரரா, பத்தாவது தடவையா என்று எப்படித் தெரியும்? பொருளும் திரும்பி வரவில்லை. விலக்குக்குள் போக வேண்டியது பிடிபட்ட பிறகு. இதையே பணிவாக எழுதி இரண்டாவது மனுவாகக் கொடுங்கள். அதற்கும் மறுத்தால் 173(4)படி மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட் இருக்கிறார். எஃப்.ஐ.ஆர். பதிவானால் நகல் உங்களுக்கு இலவசம். யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய ஏட்டு

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்துடு அம்மா, சி.எஸ்.ஆர். நகலோடு. அவங்க உடனே ஏதாவது செய்வாங்கன்னு இல்லை. தேதி போட்ட காகிதம் இன்னொரு இடத்திலும் இருக்கட்டும்.

கொண்டலாம்பட்டி மாமா

இன்சூரன்ஸ்ல கேட்டுப் பார்க்கலாமேம்மா?

செவ்வாப்பேட்டை பட்டறை

வேண்டாங்க மாமா. பிளேட் விலை சில நூறு ரூபாய்தான். க்ளைம் பண்ணினா நோ க்ளைம் போனஸ் போயிடும். முதல் வருஷத்துக்கே 20 சதவீதம் தள்ளுபடி, அஞ்சு வருஷம் க்ளைம் இல்லாம இருந்தா 50. அதை விட்டுட்டு இதை எடுக்கறதா?

நாகலூர்க்காரி (அடுத்த வாரம், புதன்)

பயந்தது நடந்துடுச்சுங்க. இன்னிக்கு மத்தியானம் இ-சலான் மெசேஜ். ஓமலூர் பக்கம், ஹெல்மெட் இல்லைன்னு 1000 ரூபாய். போட்டோவுல ஒரு கறுப்பு பைக், ரெண்டு பசங்க. பின்னால என் பிளேட். என்னோடது வெள்ளை ஸ்கூட்டி. நேத்து 2.10க்கு எடுத்த படம். அந்த நேரத்துக்கு நான் கடையில பில் பார்த்துக்கிட்டிருந்தேன்.

என் நம்பரை வேற வண்டியில பார்க்கும்போது வயித்தைப் பிசையுது. அப்பா, "ஆயிரம்தானே, கட்டிட்டு விடு"ங்கறார். கட்டிடலாமா?

பழைய ஏட்டு

கட்டாதே. கட்டினால் அந்த இடத்தில் அந்த நேரத்தில் உன் வண்டி இருந்துச்சுன்னு நீயே ஒப்புக்கிட்ட மாதிரி. நாளைக்கு அதே பைக் பெரிய வழக்கில் சிக்கினால் இந்த ரசீது உனக்கு எதிரா நிக்கும். அப்பாகிட்ட இதைப் பொறுமையா சொல்லு.

அரசாங்கத்தோட பரிவாகன் இணையதளத்தில் இ-சலான் பக்கத்தில் குறை தெரிவிக்க இடம் இருக்கு. சலான் எண், சி.எஸ்.ஆர். நகல், உன் வண்டி போட்டோ, ஆர்.சி. எல்லாம் சேர்த்து ஏற்று. ஆர்.சி.யில் வண்டியின் வகையும் நிறமும் எழுதியிருக்கும், அவங்க எடுத்த படமே உனக்கு சாட்சி. கடையில் அன்னிக்கு வருகைப் பதிவேட்டை ஒரு நகல் வாங்கி வெச்சுக்க.

அஸ்தம்பட்டி குமாஸ்தா

அந்தப் படத்தை அச்செடுத்து அப்படியே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். இனி இது சில நூறு ரூபாய்ப் பொருள் திருட்டு மட்டும் இல்லை. வேறொரு வாகனத்தில் உங்கள் எண்ணைப் பொருத்தி ஓட்டுகிறார்கள் என்பதற்கு அரசாங்கக் கேமராவே ஆதாரம் கொடுத்திருக்கிறது. ஒருவேளை சலான் நீதிமன்றத்துக்குப் போய்விட்டாலும் பயப்பட வேண்டாம், இணையத்தில் நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்தில் வழக்கை எதிர்கொள்கிறேன் என்று தேர்வு செய்ய வழி இருக்கிறது.

குகைவாசி

இப்ப இதைப் படிச்சுட்டு என் நம்பரை இ-சலான் பக்கத்துல போட்டுப் பார்த்தேங்க. ரெண்டு சலான் நிலுவையில இருக்கு. ஒண்ணு நான் போகாத ஊர். மொபைல் நம்பர் மாத்தினதை ஆர்.சி.யில மாத்தாம விட்டதால மெசேஜே வரலை. அக்காவுக்குத் தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. நாளைக்கு நானும் ஸ்டேஷன் போறேன்.

நாகலூர்க்காரி (பதினெட்டு நாள் கழிச்சு)

இத்தனை பேர் கூட நின்னீங்க, எப்படி ஆச்சுன்னு சொல்லாம இருக்க முடியலை.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டின அன்னிக்கே இன்ஸ்பெக்டர் அம்மாவே கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டாங்க. டீக்கடை வீடியோவையும் வாங்கிக்கிட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் எஃப்.ஐ.ஆர். கையில கிடைச்சுது. மறுநாள் ஷோரூம்ல ஆர்டர். பின் பிளேட் மட்டும்தான் போட்டாங்க, ரசீதுல புது லேசர் எண் எழுதித் தந்தாங்க. பழைய லேசர் எண்ணை ஸ்டேஷன்லயும் எழுதிக் குடுத்திருக்கேன், எங்கயாவது அந்த பிளேட் கிடைச்சா அந்தப் பத்து இலக்கத்தை வெச்சே அடையாளம் சொல்லலாம்.

மாட்டும்போது பக்கத்துலயே நின்னு பார்த்தேன். தம்பி லாக்கை வெச்சு அழுத்தினதும் "டக்"குன்னு ஒரு சத்தம். நகத்தால நெம்பிப் பார்த்தேன், அசையலை. முதல் வண்டி வாங்கின அன்னிக்குக்கூட அதை நான் கவனிச்சதில்லை.

சலான் குறைக்கு எஃப்.ஐ.ஆர். நகலையும் சேர்த்து ஏத்தினேன். முந்தாநாள் ரத்துன்னு வந்துடுச்சு.

கோரிமேடு கார்

அக்கா, நல்ல செய்தி. எனக்கு ஒரு சந்தேகம். கார்ல முன் கண்ணாடியில ஒட்டுற ஸ்டிக்கர் மூணாவது பிளேட்டுன்னு சொல்றாங்களே, பிளேட் திருடு போனா அதையும் மாத்தணுமா?

செவ்வாப்பேட்டை பட்டறை

ஆமாங்க. அந்த ஸ்டிக்கர்ல முன், பின் ரெண்டு பிளேட்டோட லேசர் எண்ணும் அச்சாகியிருக்கும், என்ஜின், சேஸிஸ் எண்ணோட சேர்த்து. ஒரு பிளேட் மாறினா ஸ்டிக்கரும் பொருந்தாது, ஆர்டர் போடும்போதே கேட்டு வாங்கிக்கங்க. பெட்ரோலுக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. ஃபாஸ்டேக்ல சம்பந்தமில்லாத டோலுக்குப் பணம் எடுத்திருக்கான்னும் பாருங்க. எடுத்திருந்தா டேக் குடுத்த பேங்க்குக்கும் நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கும் சொல்லணும்.

கொண்டலாம்பட்டி மாமா

அந்தக் கறுப்பு பைக் ஆப்டானாம்மா?

நாகலூர்க்காரி

இன்னும் இல்லைங்க மாமா. ஸ்டேஷன்ல தேடறோம்னாங்க. ஊருக்குப் போற சனிக்கிழமையில வண்டியை இப்ப டீக்கடைக்காரர் வீட்டுத் திண்ணை ஓரமா, பின்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தச் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை ராத்திரி நாகலூர்ல சிக்னல் கிடைக்கிற மேட்டுல நின்னு நம்பரைப் போட்டு சலான் வந்திருக்கான்னு பார்க்கறேன். நேத்து பார்த்தேன், எதுவும் வரலை.