நிலத்தடியில் பரவும் கரியமில வாயு: 'பிளூம்' என்பதற்குப் 'பரவுதிரள்'

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

நிலத்தடியில் செலுத்திய கரியமில வாயு வெளியேறுகிறதா என்று கண்காணிக்கும் துறையில் 'பிளூம்' (plume) என்ற ஆங்கிலச் சொல் வரிக்கு வரி வருகிறது. செலுத்திய இடத்திலிருந்து பாறைக்குள் பரவிச் செல்லும் வாயுத் தொகுதியை அது குறிக்கிறது. அதற்கு முன்மொழியப்பட்டுள்ள 'புகைக்கற்றை', 'கசிவுத்திரள்' ஆகிய இரண்டையும் நான் ஏற்கத் தயங்குகிறேன்.

ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே, அங்குள்ள அழுத்தத்திலும் வெப்பத்திலும், இவ்வாயு நீர்மத்தை நெருங்கும் அடர்த்தியோடு பாறைத் துளைகளிலுள்ள உப்புநீரை விலக்கிக்கொண்டு நகர்கிறது. அதைப் புகை என்பது பொருந்தாது.

'கசிவுத்திரள்' இன்னும் கவலை தருகிறது. வடகடலில் நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் உட்சிரா மணற்பாறைக்குள் இவ்வாயுவைச் செலுத்தி வந்தார்கள். செலுத்துவதற்கு முன்பே, 1994இல், நில அதிர்வு அலைகளைக் கொண்டு எடுத்த நிலத்தடிப் படத்தோடு 1999இல் எடுத்ததை ஒப்பிட்டபோது, மெல்லிய களிப்பாறைப் படலங்களின் அடியில் ஒன்பது அடுக்குகள், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அப்பளங்களைப் போல, புதிதாகத் தெரிந்தன. வாயு மேலேறியிருந்ததே தவிர, மணற்பாறையை மேலிருந்து மூடி வாயுவைத் தடுக்கும் மூடுபாறையைத் தாண்டவில்லை. கரியமில வாயுவை நிலத்தடியில் தேக்குவது பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு நெறியாணையும் தேக்கிடத்துக்குள் நிகழ்வதை நகர்வு என்றும், அதைவிட்டு வெளியேறுவதை மட்டுமே கசிவு என்றும் பிரிக்கிறது. கண்காணிப்பின் நோக்கமே கசிவு உண்டா இல்லையா என்று அறிவதுதான் என்னும்போது, அந்த முடிவைப் பெயரிலேயே எழுதிவிடுவது ஆய்வுக்கு இழைக்கும் தவறு.

ஆகவே 'பரவுதிரள்' என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. பரவிய திரள், பரவுகின்ற திரள், பரவும் திரள் என மூன்று காலத்தையும் தன்னுள் அடக்கியது. நேற்றைய படம், இன்றைய அளவீடு, நாளைய கணிப்பு ஆகிய மூன்றிலும் ஒரே பொருளைத் தொடரும் துறைக்கு இதைவிட இணக்கமான அமைப்பு எனக்குத் தோன்றவில்லை. பரவுவது எப்படித் திரளாகும் என்று கேட்கலாம். ஊர்வலமாகச் செல்லும் மக்கள் திரள் தெருக்களில் பரவினாலும் திரள் என்றே வழங்குகிறோம். களிப்பாறையின் அடியில் தேங்கிப் பக்கவாட்டில் விரியும் வாயுவும் அத்தகையதே. 'பரவுதிரள் விளிம்பு', 'பரவுதிரள் வரைபடம்' என்ற தொடர்களும் இயல்பாக அமைகின்றன.

வாக்கியத்தில் இட்டுப் பார்த்து உங்கள் கருத்தை எழுதுங்கள்: "1999ஆம் ஆண்டுப் படத்தில் ஸ்லைப்னரின் பரவுதிரள் மூடுபாறையின் அடியை எட்டியிருந்தது; கசிவு காணப்படவில்லை."