ஜீப்பு அடியில என்ன சத்தம்? – ‘மேலத்தெரு சொந்தங்கள்’ குழு

புதன், காலை 6:52

ராமர் பெரியப்பா: வெள்ளிக்கிழமை ஜீப்பு போடிமெட்டு மலை ஏறாது போல. அடியில சத்தம்

வனஜா அத்தை: என்னண்ணே ரெண்டு நாள் இருக்கையில சொல்றீங்க. அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை எல்லாம் அதுலதான பேச்சு

வனஜா அத்தை: ஆத்தா வேற எனக்கு முன் சீட்டுதான்னு இப்பவே சொல்லிருச்சு

பாண்டி சித்தப்பா: என்ன சத்தம்

ராமர் பெரியப்பா: ஏலக்கா மூட்டை ஏத்துனவுகளுக்குத் தெரியும்

பாண்டி சித்தப்பா: நான் சாவி குடுக்கையில நல்லாத்தான்ணே இருந்துச்சு

மீனா அக்கா: காதுகுத்து எம்புள்ளைக்கு. ஞாபகம் இருக்கா எல்லாருக்கும்

கார்த்தி: 🎤 0:19

கார்த்தி: செல்வம் மாமா கேட்டுப் பாருங்க. மூணு விதமா வருது. மெதுவா உருட்டுனா கீச் கீச். கிளட்ச்ச விட்டு இழுக்கையில பின்னாடி டங்குன்னு ஒண்ணு. பள்ளத்துல இறங்குனா கடகட

செல்வம் மாமா: மாப்ள ஸ்பானர இன்னும் எடுக்காத. கண்ணுல பட்ட நட்டையெல்லாம் முறுக்கிட்டா எது லூசா இருந்துச்சுன்னே தெரியாமப் போயிரும். முதல்ல சத்தத்தப் பிரி. நிப்பாட்டி வச்சு நியூட்ரல்ல ரைஸ் பண்ணு. அப்ப வந்தா சைலன்சர், இன்ஜின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங். வரலைன்னா ரோட்டுல 20-ல போயி கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டு சும்மா உருள விடு. அப்பவும் வந்தா சுத்துற சாமான். டயர் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள பின் ஷாஃப்ட்டு, அதான் இன்ஜின் இழுப்ப பின் வீலுக்குக் கொண்டு போற குழாய், நாலஞ்சு சுத்து சுத்திரும். வேகமா கீச்சுக்கிட்டே வந்தா ஷாஃப்ட்டு. டயரோட சேந்து ஆற அமர வந்தா வீல், டிரம். லேசா பிரேக்க மிதிச்சதும் சத்தம் மாறுனா டிரம்முக்குள்ள பாக்கணும்

பிரபு: அதுக்கும் முன்னாடி வீல் நட்டு

பிரபு: இடது பக்க ஸ்டட்டுல ‘எல்’ எழுத்து அடிச்சிருந்தா இடது மரை. அதைப் பாக்காம வலது பக்கம் முறுக்குனா கழட்டிக்கிட்டு இருப்ப

வனஜா அத்தை: பிரபு நீ தாய்மாமன். சீர் தட்டு எத்தனைன்னு இன்னும் சொல்லல

பிரபு: அத்தை இது ஜீப்பு மேட்டரு

மீனா அக்கா: நழுவுறான் பாருங்க

காலை 9:40

கார்த்தி: வீல் நட்டு ஓகே. உருள விட்டாலும் கீச்சு வருது, வேகமா. பிரேக்கு போட்டா மாறல

பிரபு: ஷாஃப்ட்டு முனை மூட்டுல இருக்கற கிராஸ் காஞ்சிருக்கு. அதோட நாலு முனைய மூடுற கப்பு ஓரத்துல செம்மண் கலர்ல பொடி இருக்கா

கார்த்தி: 📷 படம்

கார்த்தி: பின் ஆக்சில் டிஃபரன்ஷியல் பக்கத்துக் கிராஸ்ல மட்டும்

செல்வம் மாமா: அது உள்ள ஊசி பேரிங் துருப்பிடிச்சு அரைச்ச பொடி. கிரீஸ் கன் வச்சு அடி. நாலு கப்புலயும் புதுக் கிரீஸ் எட்டிப் பாக்கணும். மூணுல வந்து ஒண்ணுல வரலைன்னா அந்தக் கப்பு செத்துப்போச்சு, கிராஸ மாத்தியே ஆகணும். கீச்சு நின்னுட்டாலும் ஷாஃப்ட்ட ரெண்டு கையால பிடிச்சு மேல கீழ ஆட்டிப் பாரு. கையில தட்டுப்பட்டா கிரீஸ் ஒண்ணும் செய்யாது. கழட்டுனா முதல்ல கிராஸ் பூட்டுற கவை, அதான் யோக்கு, அதுலயும் ஷாஃப்ட்டுலயும் சுண்ணாம்பு வச்சு ஒரே கோடு போட்டுக்க. கோடு மாறிப் பூட்டுனா ஷாஃப்ட்டு ரெண்டு முனை யோக்கும் நேருக்கு நேரா நிக்காது, 40 தாண்டுனா வண்டி உதறும். புது கப்பு அடிக்கையில ஒரு ஊசி சாஞ்சு அடியில விழுந்துச்சுன்னா கப்பப் பிடிச்சு வைக்கற சர்கிளிப்பு வளையம் காடியில உக்காராது. உக்காரலைன்னு மேல சுத்தியல் போடாத. வெளிய எடுத்து ஊசிய எண்ணு

பாண்டி சித்தப்பா: 🙏 இனிய புதன்கிழமை காலை வணக்கம்

ராமர் பெரியப்பா: கார்த்தி, ஹேண்ட் பிரேக்க நம்பி அடியில போகாத

மீனா அக்கா: ஏன் பெரியப்பா

செல்வம் மாமா: இந்த ஜீப்புல ஹேண்ட் பிரேக்கு வீல்ல இல்லம்மா. கியர்பாக்ஸ ஒட்டுன டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னாடி டிரம்ல, ஷாஃப்ட்டத்தான் பிடிக்கும். ஷாஃப்ட்டக் கழட்டுனா பிரேக்கே கிடையாது. பின்பக்கம் ஒத்த வீலத் தூக்குனாலும் தூக்குன வீலு எதிர்ப்பக்கம் சுத்திக்கும், தரையில இருக்கறது உருள ஆரம்பிச்சிரும். மத்த வீலுக்கு முன்னயும் பின்னயும் கல்லு. சேசிஸுக்கு ஸ்டாண்டு. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டுந்தான், தாங்குறதுக்கு இல்ல

கார்த்தி: கல்லு வச்சிருக்கேன்பா

வனஜா அத்தை: மொத்தம் எத்தனை இலை? 120 சொல்லவா

மீனா அக்கா: 150 அத்தை. மாப்பிள்ளை வீட்டாளுக பூப்பாறைலயே 30 பேரு

ராமர் பெரியப்பா: 120 போதும்

பகல் 12:15

கார்த்தி: கிரீஸ் நாலு கப்புலயும் வந்துருச்சு, ஷாஃப்ட்டுல ஆட்டமும் இல்ல. கீச்சு போச்சு. டங்கு போகல

செல்வம் மாமா: பின்பக்க ஸ்பிரிங் பட்டைய நல்லா துடைச்சுட்டுப் பாரு. ஆக்சில் உக்காந்த இடம், ஆக்சிலையும் பட்டையையும் சேத்துப் பிடிக்கிற யு-போல்ட்டு, அடித்தட்டு. போல்ட்டு அசைஞ்சா அதைச் சுத்தி பெயின்ட் போயி வெள்ளி மாதிரி மினுங்கும், இல்லைன்னா துரு கோடா வடியும். எங்க மினுங்குதோ அங்க ஆடுது. பிறகு டேப்பு எடுத்து பட்டையோட முன் முனை வளையம், அதான் முன்கண், அந்தப் போல்ட்டு நடுவுலருந்து ஆக்சில் குழாய் நடு வரைக்கும் அளந்து போடு, ரெண்டு பக்கமும்

கார்த்தி: இடது பக்கம் 9 மில்லி கூட

பிரபு: பட்டை அடுக்க நடுவுல கோக்குற சென்டர் போல்ட்டு வெட்டிருச்சு

செல்வம் மாமா: ஆமா. ஆக்சில் இடது பக்கம் பின்னாடி நகந்திருக்கு. இழுக்கையில முன்ன, விடுகையில பின்ன. அதான் டங்கு. வண்டி வலப்பக்கம் இழுத்துக்கிட்டே போகுமே?

ராமர் பெரியப்பா: ஆமா. டயருக்குக் காத்து ரெண்டு தடவை பாத்தேன்

கார்த்தி: சித்தப்பா பட்டை ஒண்ணு கூடப் போட்ட மாதிரி இருக்கே

பாண்டி சித்தப்பா: லோடுக்குப் போட்டது. நல்லதுக்குத்தான்

ராமர் பெரியப்பா: எங்கிட்ட ஒரு வார்த்தை

பாண்டி சித்தப்பா: அப்பா இருந்தா கேட்டிருப்பேன். வண்டி அவரு வாங்குனது

ராமர் பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

மீனா அக்கா: அய்யோ

செல்வம் மாமா: அதை விடுங்க. பட்டை கூட்டுனது தப்பில்ல. பழைய யு-போல்ட்டையே பூட்டி விட்டதுதான் தப்பு. ஒரு பட்டை ஏறுனா கால் அவ்வளவு குட்டையாப் போயிரும், நட்டுக்கு முழு மரை கிடைக்காது. புதுப் பட்டை ஒண்ணோட ஒண்ணு படிஞ்சு உக்காந்ததும் இறுக்கமும் குறையும். ஒரு தடவை லோடு ஏத்தி இறக்குன பிறகு திரும்ப முறுக்கணும், அந்த ஒர்க்‌ஷாப்புல அதைச் சொல்லவே இல்ல போல. ஆக்சிலப் பிடிச்சு நிறுத்துறது யு-போல்ட்டோட இறுக்கந்தான். சென்டர் போல்ட்டு இடம் காட்டுறதுக்கு மட்டும். இறுக்கம் போனா பாரம் பூராவும் அந்த ஒத்த போல்ட்டு மேல விழுந்து வெட்டிரும்

பாண்டி சித்தப்பா: அப்ப நட்ட டைட் பண்ணிட்டு ஓட்ட வேண்டியதுதான மச்சான்

பிரபு: போடிமெட்டு வளைவுல பின் ஆக்சில் தனியா திரும்பும் சித்தப்பா

வனஜா அத்தை: ஆத்தா முன் சீட்டுல உக்காந்து

மீனா அக்கா: 😂😂

செல்வம் மாமா: தேனியில வாங்க வேண்டியத எழுதிக்க மாப்ள. யு-போல்ட்டு பின்னாடிக்கு நாலு, ரெண்டு பக்கமும் மாத்திரு. கம்பி தடிமன், உள் அகலம், கால் நீளம் மூணும் அளந்துட்டுப் போ. நீளத்த இப்ப இருக்கற பட்டை அடுக்குக்கு அளக்கணும், பழைய போல்ட்டப் பாத்து வாங்காத. வளைவு அரை வட்டமா இருக்கணும், நமக்கு ஆக்சில் குழாய் உருண்டை. சென்டர் போல்ட்டு 8.8 கிரேடு ரெண்டு. தலை ஆக்சில் மேடையோட ஓட்டையில கச்சிதமா உக்காரணும். தலை சின்னதா இருந்தா புதுசு போட்டும் டங்குதான்

பிரபு: ஓட்டை முட்டை வடிவமாயிருந்தா?

செல்வம் மாமா: அப்ப வெல்டு வச்சுக் கடைஞ்சாத்தான். வெள்ளிக்கிழமைய மறந்துருங்க

வனஜா அத்தை: அபசகுனமா பேசாதீங்க

சாயங்காலம் 5:30

கார்த்தி: ஓட்டை வட்டமாத்தான் இருக்கு. சாமான் வந்தாச்சு. 📷

செல்வம் மாமா: சேசிஸ் ஸ்டாண்டுல, ஆக்சிலுக்குத் தனி ஜாக்கி. சென்டர் போல்ட்ட உருவுறதுக்கு முன்னாடி அதுக்கு ரெண்டு பக்கமும் சி-கிளாம்ப்பு போட்டு பட்டைய இறுக்கு. இல்லைன்னா அடுக்கு விரிஞ்சு அடிக்கும், கை போயிரும். நாலு நட்டையும் குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா. அரை இஞ்சு கம்பின்னா நட்டுக்கு 3/4 ஸ்பானர். நாலு கால்லயும் மரை ஒரே அளவு வெளிய தெரியணும். கடைசி இறுக்கம் வண்டிய தரையில இறக்குன பிறகு

கார்த்தி: நட்டு கழறாம இருக்க லாக்டைட் பசை போடவா

பிரபு: யு-போல்ட்டுக்கு வேணாம், திரும்ப முறுக்கணும்ல. ஷாஃப்ட்டு ஃப்ளேஞ்ச் போல்ட்டுக்கு நீலம். சிவப்பு போடாத, பிறகு சூடு காட்டாமக் கழட்ட முடியாது. முறுக்குன நட்டுக்கெல்லாம் பெயின்ட் மார்க்கர்ல நட்டுலருந்து தட்டு வரைக்கும் ஒரு கோடு இழு. கோடு விலகுனா திரும்பிருச்சுன்னு அர்த்தம்

கார்த்தி: அந்தக் கடகட?

செல்வம் மாமா: சைலன்சர் ஆறுன பிறகு முஷ்டியால தட்டு. சேசிஸ்ல இடிச்ச தடம் இருக்கும், தொங்கு ரப்பர் போயிருக்கும். இல்லைன்னா ஷாக் அப்சார்பர் புஷ். ரெண்டும் பிறகு செய்யலாம், அதால வண்டி நிக்காது

மீனா அக்கா: காது குத்த ஆசாரி வர்றாரா

வனஜா அத்தை: ராமரண்ணே சொல்றேன்னாரு

ராமர் பெரியப்பா: பாண்டி சொல்றேன்னான்

வியாழன், காலை 8:05

கார்த்தி: மாத்தியாச்சு. ரெண்டு பக்க அளவும் ஒண்ணா வந்துருச்சு. மலை அடிவாரம் முந்தல் வரைக்கும் போயிட்டு வந்தேன், டங்கு இல்ல. நட்டு ரெண்டுல கோடு லேசா விலகுச்சு, முறுக்கிட்டேன்

செல்வம் மாமா: விலகத்தான் செய்யும். பட்டை படியுது. ரெண்டு மூட்டை அரிசிய ஏத்திக்கிட்டு இன்னொரு தடவை போயிட்டு வந்து முறுக்கு. மேல ஏறி இறங்குன பிறகு திரும்பவும்

வனஜா அத்தை: அப்ப ஜீப்புதான?

ராமர் பெரியப்பா: சாயங்காலம் பாத்துட்டு சொல்றேன்

பாண்டி சித்தப்பா: நான் பிக்கப்புக்கு சொல்லி வச்சிட்டேன்

ராமர் பெரியப்பா: யாரக் கேட்டு

பாண்டி சித்தப்பா: யு-போல்ட்டு எவ்வளவுன்னு சொல்லு கார்த்தி, பாதி நான் தர்றேன்

கார்த்தி: அப்பாகிட்ட பேசுங்க சித்தப்பா

வனஜா அத்தை: பிக்கப்புன்னா அண்டா அதுல. ஆத்தாவ யாரு சமாதானம் பண்றது

மீனா அக்கா: ஆசாரிக்கு யாருதான் சொன்னீங்க