அவசரம்: ஏசியில் நீல கேஜ் முள் கடைசியில் முட்டுகிறது

கானா தம்பி: கானாடுகாத்தானில் ஒரு வீட்டு ஏசி, குளிர்ச்சி குறைவு. கேஜ் (கேஸ் அழுத்தம் பார்க்கும் மீட்டர்) மாட்டியதும் நீல முள், அதாவது குறைந்த அழுத்தப் பக்கத்து முள், கடைசிக் கோட்டில் போய் முட்டி நிற்கிறது. கேஸ் அதிகமா? கொஞ்சம் வெளியே விடலாமா? வெள்ளிக்கிழமை கல்யாணம், ஆச்சி அவசரப்படுத்துகிறார்.

புதுவயல்: என்ன கேஸ்? ஓடும்போதா, நிறுத்தியிருக்கும்போதா?

தேவகோட்டை கூலிங்: கம்ப்ரசர் வால்வு போயிருக்கலாம். பேக் பிரஷர் (குறைந்த பக்க அழுத்தம்) ஏறினால் அதுவும் ஒரு காரணம்.

மூத்த மெக்கானிக்: அவுட்டோரில் (வெளி யூனிட்) கேஸ் பெயர் போட்ட ஸ்டிக்கரைப் படிக்காதவர் கேஜைத் தொடவே கூடாது. ஐடிஐயில் முதல் பாடம் இது.

கானா தம்பி: ஆர்-32. நிறுத்திவிட்டுத்தான் மாட்டினேன். அப்பாவின் பழைய ஆர்-22 கேஜ். முனை சேரவில்லை, அடாப்டர் போட்டேன்.

புதுவயல்: தம்பி, எதையும் திறந்துவிடாதீர்கள். நிறுத்திய நிலையில் 35 டிகிரி வெயிலுக்கு ஆர்-32 சுமார் 300 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டும். ஆர்-22 என்றால் 180தான். உள்ளே திரவம் இருக்கும்வரை அந்த அழுத்தம் வெப்பநிலையைத்தான் சொல்லும், கேஸ் அளவைச் சொல்லாது. முனையை வேறு அளவில் வைத்திருப்பதே பழைய கேஜை மாட்டக்கூடாது என்பதற்குத்தான். ஓடும்போது ஹை சைடு (அதிக அழுத்தப் பக்கம்) 400-ஐத் தாண்டும். 800 வரை காட்டும் கேஜ், கேஸை அடைக்கும் பந்து வால்வு வைத்த ஹோஸ் வாங்குங்கள். கண்ணாடி, கையுறை கட்டாயம்.

தேவகோட்டை கூலிங்: மாட்டும்போது ஹோஸ் காற்றைக் கொஞ்சம் கேஸ் விட்டுத் தள்ளினால் போதும்.

மூத்த மெக்கானிக்: எரியும் கேஸை விடச் சொல்கிறீர்களா? வேக்குவம் பம்பால் ஹோஸில் உள்ள காற்றை இழுத்துவிட்டு வால்வைத் திற.

தேவகோட்டை கூலிங்: காற்றில் 14 சதவீதம் சேராமல் ஆர்-32 பற்றாது அண்ணே. திறந்த வெளியில் எங்கே சேரும்?

கானா தம்பி: அவுட்டோர் பின்கட்டில் இருக்கிறது. பக்கத்தில் கல்யாணச் சமையலுக்கு விறகடுப்பு மூட்டியிருக்கிறார்கள்.

புதுவயல்: அடுப்பு அணைந்தபின்தான் ஹோஸைத் தொடுங்கள்! பற்றாவிட்டாலும் நெருப்பில் பட்ட ஆர்-32 விஷப்புகை ஆகும். சரி, அவுட்டோரில் சூட்டை வெளியேற்றும் காயிலைப் பார்த்தீர்களா? விறகுப் புகைக்குக் கரி அப்பியிருக்கும்.

தேவகோட்டை கூலிங்: அது இருக்கட்டும், ஆர்-22 காலத்தில் எல்லோரும் கேஸ் விட்டுத்தானே மாட்டினோம்?

மூத்த மெக்கானிக்: அது எரியாத கேஸ். அப்போதும் ஓசோனுக்குக் கெடுதல்தான்.

கானா தம்பி: வேறு கேஜ் கிடைத்தது. அடுப்பு அணைந்தபின் மாட்டினேன். ஓடும்போது நீல முள் 125. காயில் முழுக்கக் கரி, கழுவியதும் குளிர்கிறது. நன்றி அண்ணே.

புதுவயல்: கழுவுவதற்கு முன் எவ்வளவு காட்டியது? கழற்றும்போது ஹோஸில் கேஸ் மிச்சம் இருந்ததா?