மாஸ் ஸ்டிச் போட்டா ரிப் மாதிரி வருது, எங்க தப்பு பண்றேன்?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். நிட்டிங் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகுது, நிட், பர்ல்னு ரெண்டு அடிப்படை ஸ்டிச்சும் தனித்தனியா நல்லா வருது, எல்லா வரிசையும் நிட் மட்டுமே போடற கார்டர் ஸ்டிச்ல ஒரு மஃப்ளர் கூட முடிச்சுட்டேன். இப்ப மணி மணியா மேடு தட்டுமே, அந்த மாஸ் ஸ்டிச் ட்ரை பண்றேன். ஊசியில 24 ஸ்டிச் ஏத்தி ஒவ்வொரு வரிசையும் ஒரு நிட் ஒரு பர்ல்னு போட்டுட்டே போனேன், எட்டு வரிசை முடிச்சு பாத்தா மணியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஸ்வெட்டர் கை விளிம்புல நெட்டுக்குத்தா கோடு கோடா இருக்குமே அந்த ரிப் வந்து நிக்குது. மூணு தடவை பிரிச்சாச்சு, நூலே பஞ்சாப் போச்சு.

ஊசிமுனை:
உங்க கையில கோளாறு இல்ல, அந்த 24ல தான். இரட்டைப்படைங்கறதால வரிசை பர்ல்ல முடியுது, திருப்பினா அதே பர்ல் இந்தப் பக்கம் நிட்டா தெரியும், அது மேலயே மறுபடி நிட் போடறீங்க. நிட் மேல நிட், பர்ல் மேல பர்ல் விழுந்தா அது ரிப். 25 ஏத்துங்க, எல்லா வரிசையும் நிட்ல ஆரம்பிச்சு நிட்லயே முடியும். 24 தான் வேணும்னா ரெண்டாவது வரிசையை பர்ல்ல ஆரம்பிங்க, அப்படியே மாத்தி மாத்தி.

ஆனா வாய்க்குள்ள நிட் பர்ல்னு முணுமுணுத்துட்டே போடாதீங்க, ஒரு போன் வந்தா கணக்கு போயிடும். இடது ஊசியில அடுத்த ஸ்டிச்சைப் பாருங்க, கழுத்துல மஃப்ளர் சுத்தின மாதிரி குறுக்க ஒரு மேடு இருந்தா அது பர்ல், அதை நிட் பண்ணுங்க. மேடு இல்லாம வழவழன்னு வி மாதிரி இருந்தா பர்ல் பண்ணுங்க. எதைப் பாக்கறீங்களோ அதுக்கு எதிர் வேலை, அவ்ளோதான்.

நூல்கண்டு:
அக்கா, 25 போட்டேன், மணி வந்துச்சு!! ஆனா இப்ப எண்ணிப் பாத்தா 28 இருக்கு, அங்கங்க சின்ன ஓட்டை வேற, நடுவுல நாலு வரிசை மறுபடி ரிப். எப்படிங்க இது குட்டி போடுது?

பின்னல்பைத்தியம்:
ஹா ஹா, நானும் இப்படி ஒரு சதுரம் ஆரம்பிச்சு முக்கோணமா முடிச்சிருக்கேன். நிட்டுக்கு நூல் பின்னாடி இருக்கணும், பர்லுக்கு முன்னாடி. அதை ரெண்டு ஊசிக்கும் நடுவுல கொண்டு வரணும். நீங்க அவசரத்துல ஊசிக்கு மேல போட்டுக் கொண்டு வர்றீங்க, அது புதுசா ஒரு லூப்பா உக்காந்துடுது, ஓட்டையும் அதான். ஒண்ணு கூடி 26 ஆனதும் மறுபடி இரட்டைப்படை, அதான் ரிப். 27 ஆனதும் மணி திரும்ப வந்திருக்கும். அடுத்த வரிசையிலேயே பாத்துட்டா பிரிக்க வேண்டாம், அந்த லூப் கீழ உடம்பே இல்லாம ஊசி மேல சாய்ஞ்சு கிடக்கும், அப்படியே நழுவ விட்டுடுங்க.

இன்னொண்ணு, அமெரிக்க பேட்டர்ன்ல மாஸ்னு இருந்தா அது வேற, ரெண்டு வரிசைக்கு ஒரு தடவை மாத்தற 4 வரிசை டிசைன். நீங்க போடறதை அவங்க சீட் ஸ்டிச்னு சொல்வாங்க. ஆமா, நூல் என்ன கலர்?

நூல்கண்டு:
கருப்பு. கொஞ்சம் முடி முடியா இருக்கும்.

ஊசிமுனை:
அட கடவுளே. அதுல எனக்கே மேடு தெரியாதும்மா.

நூல்கண்டு:
வெளிர் மஞ்சள் நூலுக்கு மாறிட்டேன். 14 வரிசை ஆச்சு, 25 அப்படியே இருக்கு, கார்டர்ல சுருளாத மாதிரியே இதுலயும் விளிம்பு சுருளல. கருப்பை மூட்டை கட்டி வெச்சாச்சு.